கண்ணுக்கோ, காலுக்கோ?

நமது கல்லூரிப் பெருவாயிலிற் காலை ஒன்பது மணியளவில் அரை நாழிகை நின்று, உள்ளே வருவார் முகங்களை நோக்காது கால்களை மட்டும் நோக்குவார்க்கு ஒரு செய்தி விளங்கும். எம்மோடு பயின்றோர் உடற்பயிற்சி வகுப்பிற்கென வேண்டாவெறுப்பாய் அணிந்த வெள்ளைக் கான்வாஸ் காலணிகளும், முற்காலத்து ஆட்டக்காரர் அணிந்த தட்டையடித் தோற்காலணிகளும் இற்றை மாணவர் கால்களிற் புதுப்பொலிவுடன் திகழ்கின்றன. இவற்றை அவர்கள் 'ரெட்ரோ ஸ்னீக்கர்' என்பர். பழம்பாணி ரப்பரடிக் காலணி என யாம் அதனைத் தமிழ்ப்படுத்திக் கூறியபோது ஒரு வகுப்பு முழுவதும் நகைத்தமையால், ஸ்னீக்கர் என்னுஞ் சொல்லையே ஈண்டும் ஆளுதும். ஓசையின்றிப் பதுங்கி நடத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். தோலடியும் ஆணியும் பொருந்திய காலணிகள் கல்தரையில் ஒலித்த நாளில், ரப்பரடி ஒலியாமை ஒரு புதுமையாயிருந்தது.

இக்காலணிகளை வாங்கப் புகுவார் உள்ளத்தில் எழும் வழக்குப் பழையதே. கண் ஒன்றை விரும்புகிறது. கால் மற்றொன்றை வேண்டுகிறது. பணப்பையோ இரண்டிற்கும் இடந்தருவதில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம்மவர் கூறுவது இந்நிலைக்கே மிகப் பொருந்தும். சென்ற ஆண்டில் இவ்வழக்கு எம்மிடமே வந்துற்றது. நாள்தோறும் நான்கு மணி நேரம் கருங்கல் தளத்தில் நின்று பாடஞ் சொல்லுதல் எம் தொழில். காலையிற் படுக்கையை விட்டெழுந்து ஊன்றும் முதலடியில், குதிகாலின்கண் முள் தைத்தாற்போல வலி தோன்றலாயிற்று. குதிகாலெலும்பையும் விரலடிகளையும் இணைத்து உள்ளங்காலில் நாணேற்றிய வில்லின் நாண்போல் நிற்கும் பட்டை நைந்துள்ளதென்றும், மெல்லிய தட்டையடிக் காலணிகளை விடுத்தல் நன்றென்றும் மருத்துவர் மொழிந்தார். அவர் விடுக்கச் சொன்ன வகையே எமக்கு இளமை தொட்டு மனத்துக்கு இசைந்த வகையாம்.

தீர்ப்புக் கூறுமுன் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று அழகிற்கென வாங்கப்படும் இக்காலணிகளுட் பெரும்பாலன அழகிற்கெனச் செய்யப்பட்டவையல்ல. தத்தங் காலத்திற் காலுக்கு இதஞ் செய்தற்கு மக்கள் அறிந்திருந்த வழிகளைத் திரட்டிச் செய்தவையே அவை. ரப்பர் என்பது முதலில் வெயிலில் இளகிக் குளிரில் விறைக்கும் பொருளாயிருந்தது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், அதனைக் கந்தகத்தோடு கூட்டிச் சூடேற்றின் அவ்விரு குற்றங்களும் நீங்குமெனக் கண்டு, 1844இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அதன் பின்னரே துணியையும் ரப்பரையும் ஒட்டிக் காலணி செய்தல் பெருந்தொழிலாய் வளர்ந்தது. இங்கிலாந்தில் அவற்றைப் 'பிளிம்சால்' என வழங்கினர். கப்பல்களில் அளவிற்கு மேற் சரக்கேற்றிக் கடலோடிகளைச் சாகவிடுங் கொடுமையை எதிர்த்தவர் சாமுவேல் பிளிம்சால் என்பவர். அவர் முயற்சியால் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கப்பற்புறத்தே ஒரு கோடு வரையப்பட்டது. துணியும் ரப்பரும் கூடுமிடத்தைச் சுற்றியோடும் பட்டை அக்கோட்டினை ஒத்திருந்தமையே பெயர்க்காரணம் என்பர். கோட்டிற்கு மேல் நீரேறினாற் கப்பல் மூழ்கும். காலணியாயிற் காலுறை நனையும். நமது ஐப்பசி மழையில் இதனைச் சோதித்தறியாதார் இலர்.

1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்வர்ஸ் நிறுவனத்தார் 'ஆல் ஸ்டார்' என்னுங் காலணியைக் கூடைப்பந்தாட்டக்காரர்க்கென வெளியிட்டனர். 1921இல் அந்நிறுவனத்திற் சேர்ந்த சக் டெய்லர் என்னும் ஆட்டக்காரர் ஊர்தோறுஞ் சென்று ஆட்டமும் பயிற்றிக் காலணியும் விற்றார். 1930களில் அவர்தங் கையொப்பம் கணுக்காலின் மேலுள்ள வட்ட முத்திரையில் ஏறிற்று. கணுக்காலைப் பொதிந்த தடித்த துணியும், மரத்தளத்தில் வழுக்காத ரப்பரும் அன்றைய ஆட்டக்காரர்க்கு வாய்த்த நற்றுணைகள். 1960களின் நடுவில் ஜெர்மனியின் அடிடாஸ் நிறுவனத்தார் துணிக்கு மாறாகத் தோலினால் டென்னிஸ் காலணி செய்து பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒருவர் பெயரால் விற்றனர். 1972இல் விம்பிள்டன் வென்ற ஸ்டான் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பெயர் பின்னர் அதற்கு நிலைத்தது. அதன் பக்கத்தேயுள்ள மூன்று துளைவரிசைகள் அந்நிறுவனத்தின் அடையாளமும் ஆயின, காற்றுக்கு வழியும் ஆயின.

நமக்கு அணிமையான சான்றும் ஒன்றுண்டு. செக்கோஸ்லோவாக்கிய நாட்டிற் கிளைத்த பாட்டா நிறுவனத்தார் 1930களிற் கல்கத்தாவினருகே பாட்டாநகர் என்னுந் தொழிலூரை அமைத்தனர். 'டென்னிஸ்' எனப் பெயரிய அவர்தம் கான்வாஸ் காலணி 1936இல் இந்தியப் பள்ளி மாணவர் உடற்பயிற்சிக்கென வகுக்கப்பட்டதென்பர். அதனையும் அதன் உடன்பிறப்புக்களையும் அணிந்து பொட்டல் வெளியில் வரிசை பிடித்து நின்ற தலைமுறைகள் பல. ஞாயிறு மாலையிற் காலணியைத் துவைத்து, ஈரத்தின்மேற் சாக்குக்கட்டியைத் தேய்த்து, மதிற்சுவர்மேற் சாய்த்து வைத்தலும், திங்கட்கிழமை முதல் மணிக்குள் அவ்வெண்மை செம்மண்ணிற்கு இரையாதலும் நமது பழைய மாணவர் பலர் மறவாதவை.

பின்னர் இவை ஆட்டக்களத்தை விட்டுத் தெருவிற்கு வந்தன. 1969இற் கூடைப்பந்தாட்டத்திற்கெனத் தோன்றிய அடிடாஸின் 'சூப்பர்ஸ்டார்' காலணியை ரன் டி.எம்.சி. என்னும் நியூயார்க்கு இசைக்குழுவினர் 1986இற் பாட்டிலேற்றினர். அவர்கள் அதனைக் கயிறு கோவாமலே அணிந்தனர். கயிறில்லாக் காலணியோடு ஆட்டக்காரன் எவனும் களம் புகான். ஆட்டம் நீங்கி அணி மட்டும் எஞ்சியதை அதனினும் தெளிவாகக் காட்டுவது யாதுமில்லை. களத்திலோ, காற்றறை பொதிந்த அடிகளும் மென்னுரையாலான அடிகளும் வந்து பழையவற்றை ஓய்வு பெறச் செய்தன. ஆகவே, அழகா இதமா என நாம் கடையில் நின்று வினவும்போது, நமது பாட்டன்மார் காலத்து இதத்தை நமது காலத்து இதத்தோடு நிறுத்துப் பார்க்கிறோம் என்பதே உண்மை.

இவ்விரண்டையும் ஒருங்கே தருதல் எளிதன்றோ என வினவலாம். கான்வர்ஸ் நிறுவனத்தாரே அதனைச் செய்து பார்த்தனர். 2003 முதல் அந்நிறுவனம் நைக்கி நிறுவனத்தின் கீழுள்ளது. 2015இல் நைக்கியின் மெத்தென்ற உள்ளடியைப் பொதிந்து 'சக் 2' என ஒன்றை வெளியிட்டனர். காலுக்கு அது நன்று. ஆயினும் கொள்வார் அதனைப் பெரிதும் விரும்பிலர். சில ஆண்டுகளில் அது கடைகளினின்றும் மறைந்தது. அதற்கு முன்னர், 2013இல் அவர்கள் வெளியிட்ட 'சக் 70' என்பதோ தோற்றத்தில் முன்னையதினும் பழமை வாய்ந்தது. உள்ளே மட்டும் அடி சற்றுத் தடித்தது. அது இன்றும் விற்கிறது. இதனால் யாம் அறிந்தது, மக்கள் இதத்தை வெறுப்பாரல்லர், இதம் கண்ணிற்படுதலையே வெறுக்கின்றனர் என்பது. எமது வழக்கிலும் இவ்வறிவே கடைசியிற் பயன்பட்டது.

இனி, கால் யாருடையது என்னும் வினாவுமுண்டு. காலணி தைப்பார் மாதிரியாகக் கொள்ளும் கட்டை எந்நாட்டார் பாதத்தை நோக்கிச் செதுக்கப்பட்டதோ, அந்நாட்டார் காலே அதில் இனிது புகும். நம் கடைகளில் வழங்கும் இங்கிலாந்து அளவு, வாற்கோதுமை மணியொன்றின் நீளமாகிய மூன்றிலொரு அங்குலத்தை அலகாக உடையது. அது நீளத்தைச் சொல்லும். அகலத்தைப்பற்றி வாய் திறவாது. சென்னை அடையாற்றில் 1948 முதல் விளங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நாடெங்கும் நூறாயிரத்திற்கு மேற்பட்டோர் பாதங்களைக் கருவி கொண்டு அளந்தனர். நம் நாட்டார் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களினும் பொதுவாக அகன்றது என்பது அவர்கள் கண்ட முடிபு. நமக்கென 'பா' என்னும் அளவுமுறை ஒன்றையும் வகுத்துள்ளனர். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நம்மவர் கைகள் பிறநாட்டார் கால்களுக்கெனக் காலணி தைத்துக் கப்பலேற்றும் காலத்தில், நம்மவர் கால்களின் வடிவம் அளந்தறியப்பட்டது அண்மையிலேதான் என்பது எண்ணத்தக்கது.

பொருந்தாக் காலணியினும் வெறுங்கால் மேல் என்பதற்கு ஒரு பெருஞ்சான்று 1960ஆம் ஆண்டில் ரோமாபுரியில் நிகழ்ந்தது. எத்தியோப்பியராகிய அபேபே பிக்கிலா தமக்குக் கிடைத்த காலணி பொருந்தாமையால் மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடினாரென்பர். 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் வென்றார். நான்காண்டு கழித்து டோக்கியோவிற் காலணியணிந்தே மீண்டும் வென்றார். அவர் காலணியை வெறுத்தவரல்லர். கடிக்குங் காலணியையே வெறுத்தவர்.

நம் நாட்டில் இதமென்பது அணிந்திருக்கும்பொழுது மட்டும் அமைவதன்று. வீட்டு வாயில், கோயில் வாயில், நண்பர் இல்லம், கணிப்பொறிக் கூடம் என ஒரு நாளைக்குப் பன்முறை கழற்றி மாட்டுகிறோம். கணுக்காலளவும் கயிறு கோத்த காலணியோடு விருந்திற்குச் செல்வார், இலை போட்டு அழைத்த பின்னும் திண்ணையிற் குனிந்திருத்தலை யாம் கண்டதுண்டு. சித்திரை வெயிலிற் கான்வாஸ் மூச்சு விடும், தோல் புழுங்கும். மழையில் நேர்மாறு. அன்றியும், பழம்பாணி வேறு, பழம்பொருள் வேறு என்பதை இளைஞர் அறிதல் நன்று. 1980களிலும் 90களிலும் செய்த காலணிகளை அணியாது பெட்டியிலிட்டுக் காத்து இன்று பெருவிலைக்கு விற்பாருளர். அவற்றுட் பாலியூரித்தேன் என்னும் நுரையாலாகிய அடியுடையவை, அணியாதிருப்பினும் காற்றின் ஈரத்தால் உள்ளே நைந்து, அணிந்த முதல் நாளே பிட்டுப்போல் உதிர்ந்துவிடும். கடற்கரை ஊர்களில் இவற்றைக் காசு கொடுத்து வாங்கல் ஆகாது.

இத்துணையும் கற்றுக்கொண்டு யாம் கடைக்குச் சென்றது ஒரு மாலைப்பொழுதில். பகலெல்லாம் நின்ற கால் மாலையிற் சற்றே வீங்குமாதலின் காலணி வாங்குதற்கு அதுவே தக்க நேரம். உடன் வந்தவன் எம் தம்பி மகன். நமது கல்லூரியில் இரண்டாமாண்டு பயில்பவன். கடைச் சிப்பந்தி எம் மருத்துவர் குறிப்பை நோக்கிவிட்டு, மூன்றடுக்கு இட்டிலி போன்ற அடியுடைய சாம்பல்நிறக் காலணியொன்றைக் கொணர்ந்தார். இட்டுப் பார்த்தோம். குதிகால் நன்றி கூறிற்று.

"பெரியப்பா, இது ஆஸ்பத்திரிச் செருப்பு மாதிரி இருக்கிறது. இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் வகுப்பிற்கு வரக்கூடாது" என்றான் பையன்.

அவன் தனக்கென எடுத்தது கணுக்காலளவு உயர்ந்த வெள்ளைக் கான்வாஸ் காலணி. எட்டாம் எண் சுண்டுவிரலை நெரித்தது. ஒன்பதாம் எண்ணிற் குதிகால் வழுவிற்று. பழகினால் இளகிவிடும் என்றார் சிப்பந்தி. துணி சிறிது இளகும். ரப்பர்ப் பட்டை இளகாது. யாம் எமது சொற்பொழிவைத் தொடங்க வாய் திறந்தோம். பாதம், எலும்பு இருபத்தாறு, செருப்புக்கெனக் காலைத் தறித்தல் என யாவும் நாவின் நுனியில் நின்றன. பையன் கண்ணாடி முன் நின்று தன் கால்களை நோக்கிக்கொண்டிருந்தான். அந்நோக்கைக் கண்டு யாம் வாளாவிருந்தோம். அதன் காரணத்தைக் கூறவேண்டும்.

எம் பாட்டனார்க்குத் தோற்செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அதனை அவர் அணிந்து நடந்த தூரத்தினும் கையிலேந்தி நடந்த தூரமே மிகுதி. எம்மூர்ச் சேரியினின்றும் பெருஞ்சாலைக்குச் செல்லும் வழி மேலைத்தெரு ஒன்றே. அத்தெருவில் எம்மவர் காலில் செருப்பிருத்தல் ஆகாது. 1950களில் மிஷன் விடுதிப் பள்ளியிற் பயின்ற எம் தந்தையார், உடற்பயிற்சிக்கெனப் பெற்ற வெள்ளைக் கான்வாஸ் காலணியை அணிந்தே விடுமுறைக்கு ஊர் வந்தார். அவ்வழக்கத்தைச் சட்டம் ஒழித்திருந்தது; தெரு ஒழிக்கவில்லை. தெருமுனையிற் காத்து நின்ற பாட்டனார் ஒன்றுங் கூறாது தம் தோளிற் கிடந்த துண்டை நீட்டினார். தந்தையார் காலணியைக் கழற்றி அத்துண்டிற் பொதிந்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலுடன் பாட்டனார் பின்னே நடந்தார். பள்ளி திரும்பிய பின்னர், கால் வளர்ந்து காலணி சிறுத்தும் அதனை அவர் விடவில்லை. வகுப்பிலும் அதுவே, ஆராதனைக்கும் அதுவே, கடைத்தெருவிற்கும் அதுவே. இரண்டு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. அவர் இரு சுண்டுவிரல்களும் இறுதிவரை அண்டை விரல்களின்கீழ் மடங்கியே கிடந்தன. அதனை அவர் ஒருநாளும் குறையாகக் கூறியதில்லை. அவ்விரல்களைச் சுட்டி எம் அன்னையார் கூறியே யாம் அறிந்தோம்.

அழகு என்று ஒரு சொல்லால் நாம் ஒதுக்கிவிடுவதனுள் எத்துணை அடங்கியிருக்கிறதென்பது பிறர்க்குப் புலனாதல் அரிது. 1968 அக்டோபரில் மெக்ஸிகோ நகர ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தார் இருவர், தம் மக்களின் வறுமையை உலகிற்குக் காட்டக் காலணி கழற்றிக் கருங்காலுறையோடு மேடையேறினர். ஸ்மித் கொணர்ந்த பூமா காலணி மேடைமேல் வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு வெளிவந்த அந்நிறுவனத்து மெல்தோற் காலணி, 'ஸ்வேடு' என்னும் பெயரால் இன்றும் பழம்பாணிக் காலணிகளோடு கடைத்தட்டில் வீற்றிருக்கிறது. காலணி கழற்றல் ஒருவர்க்கு இழிவும் மற்றொருவர்க்கு முழக்கமுமாதல், கழற்றச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. கண்ணாடி முன் நின்ற பையனுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. தெரியாதிருத்தலும் ஒருவகை நலமெனவே அன்று எமக்குத் தோன்றிற்று. ஆயினும் அவன் சுண்டுவிரலை மடக்கிக்கொள்ள யாம் உடன்பட்டோமில்லை.

ஆகவே பேரம் பேசினோம், கடைக்காரரோடன்று, பையனோடு. கணுக்காலளவு உயர்ந்த அவ்வடிவமே கொள்க. ஆனால் மூன்று கடைகளேனும் ஏறியிறங்கி, விரல்கள் விரியும் அகலமுள்ளதைத் தேடுக என்றோம். நான்காவது கடையில், பெயர் பெறாத நிறுவனம் ஒன்றன் காலணி எட்டரை எண்ணிற் கிடைத்தது. வட்ட முத்திரை இல்லையென அவன் முகம் சற்றே வாடிற்று. விரலுக்கும் நுனிக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இடமிருந்தது. கம்பளத்தின்மேலன்றி வெறுந்தரையிற் பத்து முறை நடக்கச் செய்தோம். கீழுள்ள துளைகளுள் ஒன்றை விடுத்துக் கயிறு கோத்தாற் பாதத்தின் அகன்ற இடம் இறுகாதென்பதையும் காட்டினோம். பின்னங்காலில் முதல் வாரம் கடித்தது, தேங்காயெண்ணெய் தடவினான். அதனை எம்மிடம் மறைத்தான், யாமும் கண்டிலேம் போன்றிருந்தோம்.

எமக்கு வாங்கியது வெள்ளைத் தோலாலாகிய டென்னிஸ் வகைக் காலணி. தோற்றத்தால் அரை நூற்றாண்டுப் பழமை. வாங்குமுன் யாம் சோதித்தது அதன் உள்ளட்டை தனியே கழன்று வருமா என்பதையே. ஒட்டப்பட்டிருப்பின் வாங்கியிரோம். கழன்று வந்தமையால் அதனை நீக்கி, மருத்துவர் குறித்த வளைவுடைய உள்ளட்டையை இட்டோம். அது தடித்ததாதலின் காலணியில் அரை எண் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வலி முற்றும் நீங்கிற்றெனக் கூறோம். நான்காம் மணி வகுப்பிற்கு இப்பொழுது நின்றே பாடஞ் சொல்கிறோம். ஆஸ்பத்திரிச் செருப்பினை யாரும் காணவில்லை. ஓடுதற்கும் நெடுந்தொலை நடத்தற்கும் இஃதுதவாது. அதற்கென இட்டிலியடிக் காலணியொன்று வாங்குமாறு மருத்துவர் இன்னும் கூறி வருகிறார். பணப்பை இசையும் நாளை நோக்கியிருக்கிறோம்.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் இருவரும் ஊர் சென்றோம். பேருந்து மேலைத்தெரு முனையில் நிற்கிறது. பையன் தன் வெள்ளைக் காலணியோடு முன்னே நடந்தான். மழைச்சேற்றைத் தாண்டித் தாண்டி அவன் நடந்ததெல்லாம் காலணி அழுக்காகாமைக்கே. தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த இளைஞர் இருவர் அவனை நிறுத்தி அதன் விலையையும் வாங்கிய கடையையும் வினவினர். அவன் நின்று விடை கூறினான். யாம் சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தோம். வீட்டு வாயிலில் அவன் கயிறவிழ்த்து முடிப்பதற்குள் யாம் உட்சென்று நீரருந்தி மீண்டோம். எண்பது கடந்த எம் அன்னையார் படியருகே வந்து, இரு ஜோடிகளையும் சிறிது நேரம் நோக்கினார். பின்னர் அவற்றை வெளியே விடாது உள்ளறையிற் பெட்டிமேல் வைக்கும்படி பையனைப் பணித்தார். நாய் கவ்விச் செல்லும் என்பது அவர் கூறிய காரணம்.